முன் பிரேக்கைத் தொடாதே

காத்தான்குடியில் மோட்டார் சைக்கிள் பழக்குகிறவர் யாராக இருந்தாலும், கிளச் பிடிப்பது கியர் மாற்றுவது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கட்டளை போடுவார்: முன் பிரேக்கைத் தொடாதே, ஆளைக் கவிழ்த்துவிடும். எனக்கு அதைச் சொன்னவர் வாப்பா. அவருக்குச் சொன்னவர் யாரென்று அவருக்கே ஞாபகமில்லை. நாற்பது வயது தாண்டும்வரை நானும் அந்தக் கட்டளையை மீறவில்லை. நான் மட்டுமல்ல, ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். பின் பிரேக் கட்டை தேய்ந்து தேய்ந்து மாற்றிய வண்டிகளில்கூட முன் லீவர் கடையிலிருந்து வந்த மினுக்கம் போகாமல் இருக்கும்.

வாப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய வண்டிக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். கேபிளில் இழுபடுகிற முன் டிரம், மழையில் நனைந்தால் பிடிக்காது. கொஞ்ச தூரம் ஓடிக் காய்ந்ததும் நினைக்காத நேரத்தில் பிடிக்கும். வீதியும் அதற்கேற்றதுதான். பிரதான வீதியான ஏ-4 ஐ விட்டு இறங்கினால், கடற்கரைப் பக்கம் போனாலும் வாவிப் பக்கம் போனாலும் ஒழுங்கையெல்லாம் மணல். மணலில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் எந்தச் சூரனும் விழுவான். அந்த வண்டிக்கும் அந்த மணலுக்கும் அது சரியான புத்திமதி. பிறகு ஒழுங்கைகளுக்குக் கொங்கிரீட் வந்தது, கல் பதித்தார்கள், பிரதான வீதியின் நடுவே பேரீச்ச மரம் வைத்தார்கள். வண்டிகளுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. புத்திமதி மட்டும் மணலிலேயே நிற்கிறது.

டிஸ்க் பிரேக் ஒன்றும் நேற்றைய சரக்கு அல்ல. பெருந்தொகையாகத் தயாரான மோட்டார் சைக்கிள்களில் முன் சக்கரத்துக்கு ஒயில் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க்கை 1969 இலேயே ஹொண்டா கொண்டுவந்துவிட்டது, சிபி 750 இல். எங்கள் பக்கம் அது எல்லார் வண்டிக்கும் வந்து சேர இந்திய வண்டிகள் வரவேண்டியிருந்தது.

என் கதை 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து தொடங்குகிறது. தடை 2025 பெப்ரவரி வரை நீடித்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய மோட்டார் சைக்கிளின் விலை ஏறிய ஏற்றத்தை யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. என் பழைய வண்டி இயந்திரம் போய் நின்றபோது, கையிலிருந்த காசுக்குக் கிடைத்தது 2013 ஆம் ஆண்டுப் பதிவுள்ள யமஹா ஆர்-15, இரண்டாவது பதிப்பு. எடை 136 கிலோ. முன்னால் 267 மில்லிமீற்றர் டிஸ்க், பின்னால் 220. ஏபிஎஸ் கிடையாது. அலுவலகத்துக்குப் போய்வருகிற மனிதனுக்கு இந்தக் குனிந்து ஓட்டுகிற வண்டி என்னத்துக்கு என்று உம்மாவும் கேட்டார், மனைவியும் கேட்டார். விலை பொருந்தியது என்றேன். இங்கே உண்மையைச் சொல்லலாம். பள்ளிக்கூடக் காலத்தில் கொப்பி உறையில் ஒட்டிவைத்த ரேஸ் வண்டிப் படங்களுக்குக் கிட்டவாக என்னால் போக முடிந்த தூரம் அவ்வளவுதான்.

வேலை வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். ஆரையம்பதியைத் தாண்டி வலது பக்கம் திரும்பி மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடக்க வேண்டும். 2014 இல் யப்பான் உதவியில் கட்டிய பாலம் திறக்கும் முன்பு அங்கே படகுப் பாதைதான். மோட்டார் சைக்கிளை ஏற்றி, பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டு, அலையடிக்கிற உப்புத் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க அக்கரை சேர்வார்கள். பாலம் வந்ததும் காத்திருப்பு ஒழிந்தது. உப்பு ஒழியவில்லை. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய ஒரு துண்டு நிலத்தில் நெருக்கியடித்து வாழ்கிற ஊர் எங்களுடையது. எந்தப் பக்கக் காற்று அடித்தாலும் உப்பு. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேற்றுப் பிணைச்சல் எல்லாவற்றையும் அது தின்பதைப் பார்த்திருக்கிறோம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கலிப்பருக்குள்ளே தின்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

நானும் பார்க்கவில்லை. முன் பிரேக்கைத் தொடாதவனுக்கு அது எப்படி இருக்கிறதென்று எப்படித் தெரியும்? லீவர் மெல்ல மெல்ல இளகிக் கைப்பிடிக்குக் கிட்டவாக வந்திருக்கிறது. ஒரு நாள் கூட்டாளி ஒருவர் கடைத்தெருவுக்குப் போய்வர வண்டியை வாங்கிப்போனார். வந்து இறங்கிச் சாவியைத் தரும்போது கேட்டார்: “மச்சான், இதில முன் பிரேக் எங்க?” பகிடி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. லீவரை அழுத்திக் காட்டினார். விரல்கள் கைப்பிடியில் முட்டின. வண்டியை ஸ்டாண்டில் நிமிர்த்தி, முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தோம். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காத பிரேக், விட வேண்டிய நேரத்தில் உரசிக்கொண்டிருந்தது.

பிரேக் சரியில்லை என்று தெரிந்ததும் என் மனம் திருத்துவதைப் பற்றி நினைக்கவில்லை, மாற்றுவதைப் பற்றி நினைத்தது. ஒரு சாட்டுக் கிடைத்ததே என்றுதான் முதலில் தோன்றியது. நாலு பிஸ்டன் வைத்த தங்க நிறக் கலிப்பர், பூவிதழ் மாதிரி வெட்டிய 300 மில்லிமீற்றர் டிஸ்க், கைப்பிடிக்குப் பக்கத்தில் கிண்ணம் தனியாக நிற்கிற மாஸ்டர் சிலிண்டர், எல்லாம் போனில் படமாக இருந்தன. ஊருக்குள் இளைஞர்கள் பூட்டியிருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வைத்திருந்தேன். பிரேக்கைப் பாவிக்கவே பயப்படுகிறவன் அதற்குத் தங்க நிறம் தேடினேன் என்பதை இப்போது எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆரையம்பதியில் ஒரு கராஜ். அதை நடத்துகிற பாஸுக்கு என்னைவிட வயது அதிகம், பேச்சு குறைவு. படங்களைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார். மாஸ்டர் சிலிண்டரின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இது பிரேக் ஒயிலா, பிளேன்டியா?”

புது ஒயில் கிட்டத்தட்டத் தண்ணீர் நிறம், கொஞ்சம் மஞ்சள் ஓடும். என்னுடையதில் அடி தெரியவில்லை. யமஹாவின் கைநூலில் தெளிவாக எழுதியிருக்கிறது: பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று, மாஸ்டர் சிலிண்டர், கலிப்பர் இரண்டின் உள் ரப்பர்களையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று, ஹோஸை நாலு வருடத்துக்கு ஒருமுறை மாற்று. இரண்டாம் கையில் வண்டி வாங்குகிறவனுக்குக் கைநூல் வருவதில்லை. முதலாம் கையில் வாங்குகிறவன் அதைப் படிப்பதில்லை.

பிரேக் ஒயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல, தண்ணீரை உறிஞ்சுகிற ஒரு இரசாயனம். ரப்பர் ஹோஸின் ஊடாகவும் மூடியின் இடுக்குகளாலும் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டொட் 4 என்ற தரத்தில் புது ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. நூற்றுக்கு நாலு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்ந்தாலே அந்த எல்லை 155 க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், அமுங்கினால் லீவர் கைப்பிடியில் முட்டும். எங்கள் பக்கம் மலை இல்லை, ஒயில் கொதிக்கிற அளவுக்கு யாரும் பிரேக் பிடிப்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் அந்தத் தண்ணீர் கொதிக்காமலும் வேலை செய்யும். உள்ளே இருந்து துருப்பிடிக்க வைக்கும். நாங்கள் வெளியே உப்பும் உள்ளே ஈரமுமாக வைத்துப் பிரேக்கைப் பழுதாக்குகிற ஊரார்.

கலிப்பரைக் கழற்றினார். டிஸ்க்கை அழுத்துகிற பேட்டுகளைத் தாங்கும் உலோகப் பின் துருவேறி இறுகியிருந்தது. கழன்று வரவே நேரமெடுத்தது. பேட் இரண்டையும் எடுத்தபிறகு லீவரை அழுத்தி பிஸ்டன்களை வெளியே தள்ளப் பார்த்தார். இரண்டு பிஸ்டனில் ஒன்று வந்தது, மற்றது அசையவில்லை. ஒரு பிஸ்டன் மட்டும் வேலை செய்ய, மற்றது சும்மா இருந்திருக்கிறது. பேட்டுகளும் ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தன. அசையாததைக் காற்று அடித்து எடுக்க வேண்டியிருந்தது. அப்படிச் செய்யும்போது முன்னால் ஒரு மரத்துண்டை வைத்துவிட்டுத்தான் செய்வார்கள். விரலை வைத்தவர்கள் விரலை இழந்த கதைகள் கராஜ்களில் உண்டு.

அதற்குப் பிறகு அவர் காட்டியதுதான் எனக்குப் பாடம். பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள ரப்பர் வளையம் ஒன்று கலிப்பரின் காடிக்குள் இருக்கிறது. ஒயில் கசியாமல் தடுப்பது அதன் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது பிஸ்டன் முன்னே போக, வளையம் அதோடு சேர்ந்து கொஞ்சம் வளையும். லீவரை விட்டதும் வளையம் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னே இழுக்கும். டிஸ்க் பிரேக்கில் பேட்டைப் பின்னே இழுக்க ஸ்பிரிங் எதுவும் இல்லை. அந்த ரப்பரின் முறுக்கு மட்டும்தான். உப்பும் ஈரமும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்க, அந்தக் காடியில் வெள்ளைப் பொருக்கு வளர்கிறது. பொருக்கு வளர வளர வளையத்தை வெளியே தள்ளும், வளையம் பிஸ்டனை நெரிக்கும். பிறகு பிஸ்டன் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. பிடிக்காமலும் உரசிக்கொண்டும் இருந்ததன் காரணம் அந்த வெள்ளைப் பொருக்கு.

“என்னத்துக்குப் புதுக் கலிப்பர்? இதக் கழுவி வளையம் போட்டா இன்னும் எவ்வளவு காலம் ஓடும்” என்றார் பாஸ். அவருக்குப் புதிதாகப் பூட்டிக் கொடுத்தால் கூலி கூட. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

வளையங்களும் புதுப் பிஸ்டனும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வரவேண்டியிருந்தது. அதுவரை வண்டி நின்றது. நான் பஸ்ஸில் போய்வந்த அந்த நாட்களில்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஆசை இன்னும் விட்டபாடில்லை.

முதலில் டிஸ்க். 267 இலிருந்து 300 மில்லிமீற்றருக்குப் போனால், அதே அழுத்தத்தில் பிரேக்கின் பலம் ஏறக்குறைய நூற்றுக்கு 12 கூடும். நல்லதுதானே? ஆனால் என் வண்டியின் முன் ரயர் 90 மில்லிமீற்றர் அகலம். நன்றாக வேலை செய்கிற பழைய பிரேக்காலேயே அந்த ரயரைப் பூட்டி இழுக்க முடியும். பிரேக் சக்கரத்தை நிறுத்தும், வண்டியை நிறுத்துவது ரயர். ரயரின் பிடி முடிகிற இடத்துக்கு அப்பால் எத்தனை பிஸ்டன் வைத்தாலும் நிற்கிற தூரம் ஒரு அடிகூடக் குறையாது. பெரிய டிஸ்க்கின் மெய்யான பயன் சூட்டைத் தாங்குவது. கடுகண்ணாவையிலோ நுவரெலியாவிலோ மலையிறங்குகிறவனுக்கு அது வேண்டும். எங்கள் மட்டக்களப்பில் இருக்கிற பெரிய ஏற்றம் பாலத்தின் ஏற்றம்தான்.

பிறகு மாஸ்டர் சிலிண்டர். பெரியது போட்டால் பலம் கூடும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. மறுவளமாகத்தான் நடக்கும். 12.7 மில்லிமீற்றர் விட்டமுள்ளதை எடுத்து 14 மில்லிமீற்றர் போட்டால் பிஸ்டனின் பரப்பு நூற்றுக்கு 21 கூடும். அதே அழுத்தம் வேண்டுமானால் விரலும் நூற்றுக்கு 21 கூட நெரிக்க வேண்டும். லீவர் கல்லாக இறுகிவிடும், பூட்டியவன் “செம பிரேக்” என்பான், வண்டி முன்னையதைவிடத் தூரம் போய் நிற்கும். நாலு பிஸ்டன் கலிப்பரோடு சேர்த்து அளவறிந்து பூட்டினால் அது வேறு விடயம். படத்தைப் பார்த்துப் பூட்டினால் இதுதான் கதை.

கலிப்பர் மாற்றுவதில் இன்னொரு பொறியும் உண்டு. யப்பானிய வண்டிகளில் ஹோஸை இறுக்குகிற 10 மில்லிமீற்றர் போல்ட்டின் மரை இடைவெளி பெரும்பாலும் 1.25, இத்தாலியக் கலிப்பர்களில் 1.0. ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் முதல் இரண்டு சுற்று அழகாகப் போகும், மூன்றாவதில் அலுமினியத்தின் மரை உரிந்துவிடும். உரிந்த மரையில் ரேப் சுற்றி இறுக்கிய பிரேக்குகளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பிரெம்போ என்று எழுதியிருப்பதெல்லாம் இத்தாலியின் பெர்காமோவிலிருந்து வந்தவையும் அல்ல. அந்த நிறுவனம் சின்ன வண்டிகளுக்கென்றே பைபிரே என்ற பெயரில் இந்தியாவில் செய்கிறது. நல்ல சாமான். பல்சர் வண்டிகள் சிலவற்றில் கம்பனியே பூட்டி அனுப்பியது. கடைத்தெருவில் மலிவாகத் தொங்குகிற தங்க நிறம் இந்த இரண்டுமல்ல.

கணக்கு முடிந்தபோது பட்டியலில் மூன்று சாமான்கள்தான் மிஞ்சின: ஹோஸ், பேட், ஒயில். மூன்றும் வெளியே இருந்து பார்த்தால் ஒருவர் கண்ணிலும் படாது. ஆசைக்கு அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

சாமான் வந்தது. பாஸ் அனுமதித்ததால் நானும் கூட இருந்து வேலை செய்தேன். காடியின் பொருக்கைச் சுரண்ட அவர் இரும்பைத் தொடவிடவில்லை. மூங்கில் குச்சியைச் சீவித் தந்தார். காடியில் ஒரு கீறு விழுந்தால் ஒயில் அதற்குள்ளால் கசியும். அந்தச் சுரண்டலுக்குத்தான் அதிக நேரம் போனது. முதுகும் அதற்குத்தான் வலித்தது. புது வளையங்களைப் பிரேக் ஒயிலிலேயே நனைத்துப் போட்டோம். கலிப்பர் இடம் வலம் நகர்கிற பின்களுக்கு சிலிக்கன் கிறீஸ். செயினுக்குப் பூசுகிற கிறீஸைப் பூசினால் ரப்பர் ஊதிப் போகும், அதுவும் எங்களூரில் வழக்கமாக நடக்கிற ஒன்றுதான். மாஸ்டர் சிலிண்டரின் அடியில் ஊசி முனையளவு ஒரு துளை இருக்கிறது. சூட்டில் விரிகிற ஒயில் திரும்பிப் போகிற வழி அது. பழைய ஒயில் கூழாகி அதை அடைத்திருந்தது. மெல்லிய கம்பியிழை ஒன்றால் குத்தித் திறந்தார். அடைத்திருந்தால் ஓடி ஓடிச் சூடேறும்போது பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்றார்.

ஹோஸ் உருக்குக் கம்பியால் பின்னியது. பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் கொஞ்சம் ஊதும். லீவரின் ஓட்டத்தில் ஒரு பகுதி கலிப்பருக்குப் போகாமல் அந்த ஊதலில் வீணாகும். பின்னிய ஹோஸ் ஊதாது. வண்டியின் பலத்தை அது கூட்டவில்லை, விரலுக்கும் ரயருக்கும் இடையிலிருந்த மெத்தையை எடுத்துவிட்டது. பூட்டும்போது இரண்டு முனையிலும் போல்ட்டுக்கு மேலும் கீழும் புதுச் செப்பு வாசர். பழைய வாசரை நெருப்பில் காட்டித் திரும்பப் போடுவார்கள். சில ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் அதுவல்ல. ஹாண்டிலை இரண்டு பக்கமும் முட்டத் திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, ரயரில் உரசவில்லை என்று பார்த்த பிறகுதான் இறுக்கினோம்.

பேட் விடயத்தில் நான் பாஸ் சொன்னதைக் கேட்கவில்லை. அவர் சின்டர் எனப்படுகிற உலோகப் பேட் போடச் சொன்னார். நீண்டகாலம் தேயாது, மழையிலும் பிடிக்கும். ஆனால் அது முதல் தொடுதலிலேயே கடிக்கும், டிஸ்க்கையும் அதிகம் தின்னும். ஏபிஎஸ் இல்லாத வண்டி, காற்றடித்தால் வீதியோரம் மணல் படிகிற ஊர், முன் பிரேக்குக்குப் பழகாத கை. எனக்கு மெல்லப் பிடித்து அழுத்த அழுத்த ஏறுகிற சாதாரணப் பேட்தான் பொருத்தம் என்று பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

எயர் எடுக்கிற வேலைக்கு மருமகன் வந்தான், ராத்தாவின் மூத்தவன். அவன் லீவரை அழுத்திப் பிடிக்க, நான் கலிப்பரின் நிப்பிளைத் திறப்பேன். ஒயிலும் குமிழும் கண்ணாடிக் குழாயில் வரும். நிப்பிளை மூடியபிறகு அவன் லீவரை விடுவான். முறை மாறினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். “மாமா, விடவா?” “பொறு, மூடல்ல.” இப்படியே ஒரு பின்னேரம் போனது. குமிழ் நின்ற பிறகும் லீவர் முழுதாக இறுகவில்லை. மேலே, மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் பூட்டுகிற முனையில் காற்றுத் தங்கும். கீழே எவ்வளவு எடுத்தாலும் அது வராது. அந்தப் போல்ட்டிலும் அதே முறையில் எடுக்க வேண்டும். பிறகு லீவரை இழுத்து ரப்பர் பட்டியால் கட்டி இரவு முழுக்க விட்டோம். விடிய இறுக்கமாக இருந்தது. டாங்கியில் ஒரு துளி ஒயில் சிந்தியதை நான் கவனிக்கவில்லை, மருமகன் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினான். பிரேக் ஒயில் பெயின்டை உரித்துவிடும், துடைத்தால் போதாது, தண்ணீரால் கழுவ வேண்டும்.

டொட் 5 என்று ஒன்று கடையில் கண்டால் எண் பெரிது என்று வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கன், டொட் 3, டொட் 4 ஓடு சேராது. டொட் 5.1 வேறு, அது சேரும். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம்.

புதுப் பேட் முதல் நாளே முழுதாகப் பிடிக்காது. டிஸ்க்கில் அதன் படை ஒட்ட வேண்டும். சுபஹ் தொழுதுவிட்டு, பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் வீதி வெறுமையாக இருக்கிற நேரத்தில், 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை மெல்ல இறக்கி, நிற்காமல் மறுபடி ஓடி, ஆறவிட்டு, மறுபடி இறக்கி அதைச் செய்தேன். பேட்டுக்கென்று போனது எனக்கும் பயிற்சியாகிவிட்டது. சொல்லப்போனால் வண்டியைவிட எனக்குத்தான் பழுதுபார்ப்பு தேவைப்பட்டது. விரல் லீவருக்குப் போகும், பாதியில் நிற்கும். வாப்பாவின் குரல் அங்கேதான் இருந்தது. கைக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை, பழக்க வேண்டும்.

பழகியது இது. முதலில் லீவரை இலேசாகத் தொட வேண்டும். வண்டியின் பாரம் முன்னே சாயும், முன் ஃபோக் இறங்கும், ரயர் வீதியில் அழுந்தும். அந்த அழுத்தம் வந்த பிறகு விரலை இறுக்கிக்கொண்டே போகலாம். கடுமையாகப் பிடிக்கிற நேரத்தில் மொத்தப் பாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் முன் சக்கரத்தில்தான் இருக்கும். பின் சக்கரத்தில் பாரமே இல்லாதபோது பின் பிரேக்கை மிதித்து என்ன பயன்? அது வழுக்கும். உலர்ந்த தார் வீதியில் 60 இல் வருகிற வண்டியை இரண்டு பிரேக்கும் சேர்த்து நன்றாகப் பிடித்தால் ஏறக்குறைய 20 மீற்றரில் நிறுத்தலாம். பின் பிரேக் மட்டுமென்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. பாரம் சாயும் முன்னரே லீவரை வெடுக்கென்று இழுத்தால், ஹாண்டில் திரும்பியிருக்கும்போது பிடித்தால், மணலில் பிடித்தால், வாப்பா சொன்னதுதான் நடக்கும். அவர் சொன்னதில் பாதி மெய். அந்தப் பாதிக்குப் பயந்து மற்றப் பாதியை நாங்கள் விட்டுவிட்டோம்.

இது காத்தான்குடிக்காரன் மட்டும் செய்கிற காரியமல்ல. அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹரி ஹேர்ட் என்ற ஆய்வாளர், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய்ப் பார்த்து, 1981 இல் அறிக்கை வெளியிட்டார். விபத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலானோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்து வழுக்கியிருந்தார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. அங்கேயும் யாரோ ஒரு வாப்பா அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கை செய்யத் தவறுவதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்று இந்தியா 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது மோட்டார் சைக்கிள்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்றாக்கியது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஏபிஎஸ் சக்கரம் பூட்டாமல் காக்குமே தவிர, லீவரைப் பிடிக்காதவனுக்காக அது பிடிக்காது.

படுவான்கரை வீதியில் மாடு படுத்திருக்கும், அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயும், மழைக்காலத்தில் கிறவல் பரந்து கிடக்கும். எங்கே முன் பிரேக், எங்கே பின் பிரேக் என்று இப்போது கைக்கும் காலுக்கும் தெரிகிறது. நெல்லின் மேல் முன் பிரேக் இல்லை. மாட்டுக்கு முன்னால் இரண்டும்.

மருமகனுக்குச் சொந்தமாக ஒரு வண்டி வந்திருக்கிறது. அவனை மைதானத்துக்குக் கூட்டிப்போய் நான் முதலில் பழக்கியது முன் பிரேக். அதைக் கேள்விப்பட்ட வாப்பா, “புள்ளயக் கொல்லப் போறியா” என்று என்னை ஏசினார். மறுநாள் அவரும் மைதானத்துக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சம்மதித்தாரா இல்லையா என்று நானும் கேட்கவில்லை.

தங்க நிறக் கலிப்பரின் படங்கள் போனில் இன்னும் இருக்கின்றன. வாங்குகிற எண்ணம் இல்லை. வளையமும் பிஸ்டனும் ஹோஸும் பேட்டும் ஒயிலும் கூலியும் எல்லாம் சேர்ந்து, அந்தக் கலிப்பர் ஒன்றின் விலைக்குக் குறைவாகத்தான் முடிந்தது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வண்டியின் வலது கைப்பிடிக்குப் பக்கத்தில், மாஸ்டர் சிலிண்டரில், சின்னக் கண்ணாடி வட்டம் ஒன்று இருக்கும். இன்றைக்கு வண்டியை எடுக்கும்போது அதற்குள் ஒயிலின் நிறத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் வேறு எதுவும் வாங்கும் முன் ஒரு சின்னப் போத்தல் டொட் 4 வாங்கி மாற்றுங்கள். வேலை முடிந்து மிஞ்சுகிற ஒயிலை அடுத்த தடவைக்கென்று எடுத்து வைக்க வேண்டாம். மூடி திறந்த போத்தலும் எங்களூர்க் காற்றைத்தான் குடிக்கும்.